உமா மேடை ஏறலாமா என்று கேட்ட மகனுக்கு

அப்பு, நீ மதுரையிலிருந்து போட்ட கடிதம் வந்து சேர்ந்தது. உன் அப்பா முதலில் வாசித்தார். வாசித்து முடித்ததும் என் பக்கம் நீட்டிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். தண்ணீர் அப்போதுதான் காட்டியிருந்தோம். பரிசம் போட்ட பெண் திருவிழா மேடையில் நின்று நடிப்பதா என்று உன் பெரியப்பா குதிப்பதையும், உமா யார் சொல்லியும் கேட்காமல், "அத்தை வேண்டாம்னு சொன்னா நிறுத்திக்கிறேன்" என்று என் பெயரைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும் எழுதியிருக்கிறாய். நான் அவளுக்கு ஒரே ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், இந்தச் சித்திரைக்கு ராசிங்காபுரம், பொட்டிபுரம், குரங்கணி என்று நீங்கள் ஒத்துக்கொண்ட ஊர்களுக்கெல்லாம் வேறு நடிகையைப் பேசிவிடலாம், வைகாசிக் கல்யாணமும் முகச்சுளிப்பு இல்லாமல் நடந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அந்த ஒரு வரியை எழுத எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. பேனாவை எடுத்துவிட்டேன். அப்புறம்தான், அவளுக்கு எழுதுவதைவிட உனக்கு எழுத வேண்டியது நிறைய இருக்கிறது என்று தோன்றியது.

முதலில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு உமாவைப் பார்த்தால் பொறாமை. மருமகள் வந்து மகனைப் பிரித்துவிடுவாளோ என்று மாமியார்கள் புழுங்குவார்களே, அந்தப் பொறாமை இல்லை. நீ என்னைக் கவனிக்கவில்லை என்று எனக்குக் குறையே கிடையாது. போன சித்திரையில் ராசிங்காபுரத்தில் உங்கள் நாடகம் பார்க்க வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? ஒரு தகரப் பெட்டி, ஒரு படுதா, ஆளுக்கு ஒரு பை, அவ்வளவுதான் உங்கள் கம்பெனி. வீட்டுக்கு வீடு டெலிவிஷன் பெட்டி வந்துகொண்டிருக்கிற காலத்தில் இதையெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் வந்து நின்றாள். ஒரு குடும்பத்துப் பெண், எம்.ஏ. படித்தவள், அவள் அப்பாவும் தம்பியும் கீழே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, தன் சொந்தக் குரலில் பேசினாள். கூட்டம் கை தட்டியது. என் கையும் தட்டியது, மனசு மட்டும் தட்டவில்லை. இவளுக்கு இது எவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது என்று எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்தும் அது அடங்கவில்லை.

ஏன் எரிந்தது என்றால், நீ பிறப்பதற்கு முன்னாலிருந்தே இந்த வீட்டில் நாடகம் இருந்தது. உன் அப்பா பகலெல்லாம் போடியில் ஏலக்காய்க் கடையில் எடை போடுவார். மாசி பிறந்துவிட்டால் மனுஷனுக்கு எடையில் புத்தி நிற்காது. கடை ஆட்கள், காடு கரை வைத்திருந்த சிநேகிதர்கள் என்று ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரு நாடகத்தைத் தயார் செய்வார்கள். கோடையில் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் அம்மனுக்குத் திருவிழா சாட்டினாலும் அங்கே போய்ப் போடுவார்கள். எழுதுவது உன் அப்பா, கதாநாயகனும் உன் அப்பா. கதாநாயகி மட்டும் நம்மூரில் கிடைக்க மாட்டாள். எந்த வீட்டில் பெண்ணை அனுப்புவார்கள்? அதனால் நடிகை என்று ஒருத்தியை வெளியூரிலிருந்து பேசிக் கூட்டி வருவார்கள். நாடகத்தன்று மத்தியானம் பஸ்ஸில் வந்து இறங்குவாள். ஒரே ஒரு தடவை வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். ராத்திரி மேடையில் நிற்பாள், விடிந்ததும் அடுத்த ஊருக்குப் போய்விடுவாள். எங்கள் காலத்தில் எல்லா ஊரிலும் அதுதான் நடைமுறை.

அப்படியானால் ஒத்திகை நடக்கிற இரண்டு மாதமும் கதாநாயகியின் வசனத்தை யார் சொல்வது? அதைத்தான் நீ ஒரு நாளும் கேட்கவில்லை. கடையில் ஒத்திகை பார்க்கும்போது மீசை வைத்த ஒருவர் அந்த வசனத்தைப் படிப்பாராம். "நாதா" என்று அவர் கூப்பிட்டால் உன் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிடுமாம். அதனால் சாப்பிட்ட பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைப்பார். நான் எட்டாவது வரை படித்தவள். முறத்தில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டே படிப்பேன். நாலு நாளில் தாளைப் பார்க்காமல் சொல்வேன், பத்து நாளில் அவருடைய வசனமும் எனக்குப் பாடமாகிவிடும். அப்பு, அந்த மாசி பங்குனிதான் எனக்குக் கல்யாணமான மாதிரி இருந்த காலம். மற்ற மாதங்களில் உப்பு, புளி, கரண்ட் பில் தவிர எங்களுக்குள் பேச்சு இருக்காது. அந்த இரண்டு மாதம் அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசுவார், நான் அழுதால் பதறுவார். வசனம்தான், எனக்குத் தெரியாமல் இல்லை.

குடிகாரக் கணவனின் கதை ஒன்றை எழுதினார். கடைசிக் கட்டத்தில் மனைவி தெய்வத்தைக் கூப்பிட்டு ஒரு பக்கத்துக்குப் புலம்ப வேண்டும். எனக்கு அது வாயில் வரவே இல்லை. ஒரு நாள் முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவர் எழுதியதை விட்டுவிட்டு, என் மனசில் வந்ததைச் சொன்னேன். "சோறு போட்டு வச்சிருக்கேன், சாப்பிடுங்க. நாளைக்கும் போட்டு வைப்பேன். ஆனா இனிமே பக்கத்துல உக்கார மாட்டேன்." அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு பென்சிலை எடுத்துப் புலம்பலை அடித்துவிட்டு இதை எழுதிக்கொண்டார். அந்த வருஷம் எல்லா ஊரிலும் அந்த இடத்தில்தான் பெண்கள் முந்தானையால் மூக்கைத் துடைத்தார்கள். பேசியது திண்டுக்கல்லிலிருந்து வந்த வசந்தா. நான் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு முன்னால் என் உதடு அசைந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன்.

வசந்தா கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். உன் அப்பாவை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். வேலையை முடித்தோமா, தாயாருக்கு மருந்து வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனோமா என்று இருப்பவள். நம் வீட்டுக்கு வந்தால் நேராக அடுப்படிக்கு வந்து, "என்ன சோலி அக்கா, கொண்டாங்க நான் அரைக்கிறேன்" என்று அம்மி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். எனக்கு அவள் மேல் கோபப்படக் காரணமே அகப்படாது. காரணம் இல்லாத பொறாமை இருக்கிறதே, அது ஆளைத் தூங்க விடாது. அவள் கட்டியிருக்கும் புடவை மலிவு என்று கண்டுபிடித்துச் சந்தோஷப்படுவேன். அவள் "ழ" சரியாகச் சொல்லவில்லை என்று உன் அப்பாவிடம் சொல்வேன். அதெல்லாம் யாருக்குக் கேட்கப் போகிறது என்பார்.

இப்போது நீ கவனமாகப் படிக்க வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அந்தக் கோடையில் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஏலத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு நம்மைக் கூப்பிட்டிருந்தார்கள். நீயும் வந்தாய். மலைப்பாதையில் ஜீப்பு திரும்பும் இடத்திலெல்லாம் என் மடியில் வாந்தி எடுத்தாய். அங்கே ராத்திரி நாடகம் கிடையாது. பொழுது சாய்ந்தால் மூடுபனி இறங்கிவிடும், யானை நடமாட்டமும் உண்டு, சனங்கள் இருட்டுவதற்குள் தோட்டத் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் போய்விட வேண்டும். அதனால் மத்தியானம் வேலை முடிந்ததும், காய் உலர்த்துகிற ஸ்டோருக்கு முன்னால் பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு மேடை கட்டியிருந்தார்கள். வசந்தா எங்களுக்கு முன்பே வந்து ஒரு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். விடாமல் ஊர் ஊராகப் பேசியதில் தொண்டை கட்டிப்போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சுக்கு, மிளகு தட்டிப் போட்டுக் கொடுத்தும் பிரயோசனம் இல்லை. எதிரில் சனங்கள் உட்கார ஆரம்பித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை போட்டுக் கூட்டி வந்திருந்தார்கள்.

உன் அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இங்காரு, படுதாவுக்குப் பின்னாடி ஒரு மைக்கு வைக்கச் சொல்றேன். அவ வாயை அசைக்கட்டும், நீ பேசு. ஒருத்தருக்கும் தெரியக் கூடாது" என்றார். குடும்பத்துப் பெண் நாடகத்தில் பேசினாள் என்று பெரியப்பா காதுக்குப் போனால் வீடு இரண்டாகிவிடும் என்பது அவர் பயம். நடிகைக்குக் குரல் போய்விட்டது என்று தெரிந்தால் அந்தக் கோடையில் அவளை எந்த ஊரிலும் கூப்பிட மாட்டார்கள் என்பது வசந்தாவின் பயம். எனக்கு ஒரு பயமும் இல்லை. எனக்கு அந்த மைக்கு எங்கே இருக்கிறது என்றுதான் இருந்தது.

படுதாவில் ஒரு கிழிசல் இருந்தது, அதில் கண்ணை வைத்துக்கொண்டேன். முதல் காட்சியில் அவள் வாய் ஒரு பக்கமும் என் பேச்சு ஒரு பக்கமுமாகப் போனது. பிறகு வசந்தாவே வழி கண்டுபிடித்தாள். வசனம் ஆரம்பிக்கும் முன்பு தோளைக் கொஞ்சம் உயர்த்தினாள். அவள் தோள் ஏறினால் நான் மூச்சை இழுக்க வேண்டும், இறங்கினால் பேச வேண்டும். அழுகிற இடம் வந்தால் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு என்னை என் போக்குக்கு விட்டுவிட்டாள். அப்புறம் தடங்கலே இல்லை. என் குரல் குழாய் ஸ்பீக்கரில் ஏறி, ஸ்டோர் கூரையைத் தாண்டிப் போவதைக் கேட்டேன். அது என் குரல் மாதிரியே இல்லை. அந்தச் சோற்று வசனம் வந்தது. "பக்கத்துல உக்கார மாட்டேன்" என்று சொல்லி நிறுத்தினேன். உன் அப்பா பதில் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. வசந்தாவைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் படுதாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். வசனம் மறந்துபோனதா, வேறு ஏதாவதா என்று நேற்று வரைக்கும் அவர் சொன்னதில்லை. சனங்கள் அதை நடிப்பு என்று நினைத்தார்கள். அப்படி ஒரு கைதட்டலை எங்கள் நாடகம் எந்த ஊரிலும் வாங்கியதில்லை.

முடிந்ததும் தோட்டத்து மலையாளி சூப்பர்வைசர் மேடை ஏறி, "எந்தா ஒரு சப்தம்" என்று மலையாளத்தில் குரலைப் புகழ்ந்து வசந்தாவுக்கு மாலை போட்டார். பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்றார்கள். நான் மைக்கு ஒயரைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அப்போது நீ முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவிலிருந்து ஓடி வந்தாய். என்னிடம்தான் வருகிறாய் என்று கையை நீட்டினேன். நீ என்னைத் தாண்டிப் போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டாய். "நீங்க பேசினப்ப எனக்கு அழுகை வந்துருச்சு" என்று அவளிடம் சொன்னாய். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. உன் தலைக்கு மேலே என்னைப் பார்த்தாள். கழுத்து மாலையைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். பிள்ளை கேட்டால் என்ன சொல்வது என்று நான் வாங்கவில்லை. ஜீப்பில் வழியெல்லாம் நீ அந்தச் சோற்று வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தாய். என் வசனம், என் குரல், என் பிள்ளை, மூன்றும் அவள் பேரில் போய்விட்டன. இந்த வாழ்க்கையில் ஒருத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன் என்றால் அன்றைக்குப் பட்டதுதான்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத்தான் முக்கியம். அடுத்த ஊர் நாடகத்துக்கு முன்பு, சாப்பாட்டை முடித்துவிட்டு முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா தாளைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினார். "இனிமே வீட்ல ஒத்திகை வேணாம். ஒனக்குச் சோலி கெடக்குல்ல" என்றார். மீசைக்காரர் படித்தால் சிரிப்பு வரும் என்றவர், அந்த வருஷத்திலிருந்து மீசைக்காரரோடுதான் ஒத்திகை பார்த்தார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. அந்தக் கைதட்டல் வசந்தாவுக்கு இல்லை என்பது அங்கே எங்கள் மூன்று பேருக்கும் நன்றாகத் தெரியும். மூன்று பேரில் அதைத் தாங்க முடியாதவர் அவர் ஒருத்தர்தான். வசந்தா மாலையையே கழற்றிக் கொடுத்தாள். உன் அப்பாவுக்கு ஒரு வார்த்தை கொடுக்க மனசு வரவில்லை. நல்ல மனுஷர்தான், உனக்குத் தெரியும். அவருடைய நல்ல குணத்துக்குள்ளேயே இதுவும் இருந்தது.

தைப் பொங்கலுக்கு உமாவைக் கூட்டி வந்தாய். இலையில் உட்கார்ந்துகொண்டு அவளிடம் அந்தத் தோட்டத்துக் கதையைச் சொன்னாய். சின்ன வயதில் வசந்தா என்று ஒரு நடிகையின் குரலைக் கேட்டேன், அந்தக் குரல்தான் என்னை நாடகத்துக்கு இழுத்தது, உன் குரலைக் கேட்டபோதும் அதுதான் ஞாபகம் வந்தது என்றாய். உமா கண்ணை விரித்துக்கொண்டு, அந்தம்மா இப்போது எங்கே இருக்கிறார், ஒரு தடவை பார்க்க வேண்டுமே என்றாள். உன் அப்பா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் அவளுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். ஊற்றிய கைதான் அந்தம்மா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

பொறாமையோடு இவ்வளவு காலம் குடும்பம் நடத்தியவள் நான். அது யார் முகத்தில் வந்து உட்கார்ந்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். ராசிங்காபுரத்தில் உமாவுக்குக் கை தட்டியபோது நான் அவளை மட்டும் பார்க்கவில்லை, உன்னையும் பார்த்தேன். மேடை ஓரத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். வாய் மட்டும்தான் சிரித்தது. நாடகம் முடிந்து எல்லோரும் அவளைச் சுற்றி நிற்கும்போது, மூன்றாவது காட்சியில் அளவுக்கு மீறிப் போய்விட்டாய் என்று எல்லோருக்கும் கேட்கிறபடி சொன்னாய். அவள் முகம் சுருங்கிப்போனது. அவள் அளவுக்கு மீறவில்லை அப்பு, உன்னை மீறிப் போய்விட்டாள். உன் கடிதத்தைப் படித்தபோது எனக்கு உன்னுடைய அந்தச் சிரித்த முகம்தான் ஞாபகம் வந்தது. பெரியப்பா உன் நாடகத்தைப் பற்றிச் சொன்ன எதை நீ இதுவரை கேட்டிருக்கிறாய்? நாடகம் சோறு போடுமா என்று அவர் கத்தியபோது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியவன் நீ. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் சொல்வது உனக்கு இவ்வளவு பெரிதாகிவிட்டதா? உனக்கு அவளை நிறுத்த வேண்டும். பழி பெரியப்பாவுக்கு, கையெழுத்து என்னுடையது. வெளியூரிலிருந்து ஒரு நடிகை வந்தால் அவள் கைதட்டலோடு விடிந்ததும் பஸ் ஏறிவிடுவாள், அது வீட்டுக்குள் வராது. அவ்வளவுதானே?

நான் சொல்வது தப்பு என்றால் என் மேல் கோபித்துக்கொள். தப்பில்லை என்றால் கொஞ்சம் யோசி. பொறாமைப்படாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அது வரும். பக்கத்தில் ஒரே மேடையில் நிற்கிறவள் மேல் நன்றாகவே வரும். வரட்டும். வயிறு எரிந்தால் எரிகிறது என்று அவளிடமே சொல். என்னைத் தாண்டிப் போய்விட்டாய், எனக்குப் பொறுக்கவில்லை என்று சொல். அவள் சிரிப்பாள், நீயும் சிரிப்பாய், அடுத்த நாள் ஒத்திகைக்கு இரண்டு பேரும் உட்காருவீர்கள். தாளைச் சுருட்டிக்கொண்டு மட்டும் கிளம்பாதே. அப்படிக் கிளம்பிய ஒருத்தரோடு நான் இருக்கிறேன். தினமும் சோறு போடுகிறேன், பக்கத்தில் உட்காரவும் செய்கிறேன். பேசுவதற்குத்தான் எங்களுக்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

இதையெல்லாம் எழுதப் போகிறேன் என்று காலையில் உன் அப்பாவிடம் சொன்னேன். தொழுவத்தில் நின்றுகொண்டிருந்தார். மாட்டைத் தடவிக் கொடுத்தார். பிறகு, "எழுது. அன்னைக்கு நான் வசனத்தை மறக்கலைன்னும் எழுது" என்றார். அதற்கு மேல் கேட்டேன், சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

பெரியப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். உமாவுக்கும் எழுதிவிட்டேன். நீ கேட்ட அந்த ஒரு வரி அதில் இல்லை. சித்திரைக்கு எல்லா ஊரிலும் அவள்தான் நிற்க வேண்டும், கல்யாணத்துக்குப் பிறகும் நிற்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். பெருந்தன்மை என்று நினைத்துக்கொள்ளாதே. அதை எழுதும்போது எனக்கு மனசு கசந்தது. முன்வரிசையில் வந்து உட்காருவேன், அவள் எங்கே தடுமாறுகிறாள் என்று பார்த்துக்கொண்டேதான் இருப்பேன். ஆனால் தோட்டத்தில் படுதாவுக்குப் பின்னால் நின்று பேசியது யார் என்று அவளுக்கு எழுதவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும், என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டும். நீ சொல்லும்போது அவள் முகத்தை நான் பார்க்க வேண்டும். ஒரு நொடியாவது அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா